தடை சொன்னது யார் என்று கேட்டாயே

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயாவது அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து சேர்ந்தது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை குருமடத்தில் உங்களுக்குப் போன் கொடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நம் வீட்டுப் போன் உன் அப்பாவின் சட்டைப் பைக்குள் இருக்கிறது, என் கைக்கு வருவதில்லை. அதனால்தான் கடிதம். அதிபர் சாமி உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் பங்கிலிருந்து ஒரு தடை வந்திருக்கிறது, குருவாவதற்கு முந்திய திருத்தொண்டர் பட்டம் உனக்கு இந்த வருடம் இல்லை, ஒரு வருடம் பொறு என்று சொன்னாராம். யார் சொன்னார்கள் என்று நீ கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லையாம். உன்னோடு படித்தவர்கள் சிற்றாலயத் தரையில் குப்புறப் படுத்து பட்டத்துக்கு ஒத்திகை பார்க்கும்போது நீ ஓரமாக நின்று புத்தகம் பிடித்துக்கொண்டிருந்தாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை ரொட்டிக் கடையின் பின்பக்கம் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். முகம் கழுவிக்கொண்டுதான் மறுபடி வேலைக்குப் போனேன். முதலாளி கேட்டதற்கு மாவு கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

நம் கோவில் உபதேசியார்தான் இந்த வேலையைச் செய்திருப்பார், அவருக்கு என்மேல் காட்டம், நீங்கள் காதும் காதும் வைத்தாற்போல் விசாரித்து எழுதுங்கள் அம்மா என்று கேட்டிருக்கிறாய். போன விடுமுறையில் பாட்டுக்குழு முன்னால் வைத்து அவருக்குச் சுதி நிற்கவில்லை என்று சொன்னாயே, அதை மனதில் வைத்துக்கொண்டுதான் என்கிறாய். பாவம் அந்த மனுஷன், உன் பட்டத்துக்கு என்ன பாட்டுப் போடலாம் என்று தெருவில் என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்மேல் பழி போடாதே. நான் யாரையும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. தடை சொன்னது நான்தான். உன்னைப் பெற்றவள், நானே என் காலால் நடந்து போய், என் வாயால் பங்குச் சாமியிடம் சொல்லிவிட்டு வந்தேன். நன்றாக மூச்சு விட்டுக்கொள், அப்புறம் மேலே படி. நாளைக்கு உனக்குப் பட்டம் ஆகிவிட்டால் நானும் மற்றவர்களைப் போல உன்னைச் சாமி, வாங்க, போங்க என்றுதான் கூப்பிட வேண்டும், அதற்கு முன்னால் டேய் என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

தவக்காலத்தில் நீ வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்ததை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா என்ன. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையை நீயே நடத்து, ஆண்டவர் பாடுகளின் படம் இருக்கிற தலத்துக்குத் தலம் நின்று இரண்டு வார்த்தை பேசு என்று பங்குச் சாமி சொன்னார். நீயும் அந்த வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு அழகாகத்தான் பேசினாய், இல்லை என்று சொல்லவில்லை. நானும் உன் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு நம் வீட்டில் வந்து இருந்தவள் கோவிலுக்கு வந்தது அன்றைக்குத்தான், அதுவும் தம்பி பேசுகிறான் என்பதற்காக. இறந்த மகனை மாதா மடியில் வைத்திருக்கிற பதின்மூன்றாம் தலத்தில் வந்து நின்றாய். எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று ஆரம்பித்தாய். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது, மடியில் வாங்கிய அந்த நொடியில் அவள் மனதில் வந்த முதல் வார்த்தை அப்பாடா என்பதுதான், அப்படிப்பட்ட தாயைக்கூட ஆண்டவர் தள்ளுவதில்லை என்றாய். குரலை இறக்கிச் சொன்னாய். பேர் சொல்லவில்லைதான். நம் பங்கில் இந்த வருடம் எத்தனை பேரடா பிள்ளையை அடக்கம் பண்ணினார்கள்? எனக்கு முன்னால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எனக்கே அதுவரைக்கும் அது தெரியாது. பத்து மாதம் சுமந்தவள் மனதில் என்ன வந்தது என்று அவளைப் பெற்ற எனக்குத் தெரியாது, ஊரோடு ஊராக நின்று உன் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அக்கா எழுந்து போகவில்லை. போனால் நான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பதினான்காம் தலத்துக்கும் எல்லோரோடும் முழந்தாளிட்டு எழுந்தாள், கடைசிப் பாட்டையும் பாடினாள்.

வீட்டுக்கு வந்து அங்கியை மடித்துக்கொண்டே எப்படிம்மா இருந்துச்சு என்று என்னைக் கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்போது நீ சொன்ன பதில்தான் இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அது பாவசங்கீர்த்தனம் இல்லைம்மா, நான் இன்னும் குரு ஆகல, அவ பாத்திரம் கழுவிக்கிட்டே சும்மா பேச்சுவாக்குல சொன்னா, அதுக்கு ரகசியக் கட்டுப்பாடு கிடையாது, சட்டப்படி நான் ஒண்ணும் தப்புப் பண்ணல என்றாய். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் பேசினேன் என்றாய். இரண்டு மூன்று பெண்கள் அழுதுகொண்டே வந்து உன் கையைப் பிடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாய். குருமடத்தில் இத்தனை வருடமாக விடியும் முன் மணிக்கு எழுந்து, தியானம், பூசை, வகுப்பு, இரவு மௌனம் என்று ஒன்று விடாமல் செய்து நீ படித்தது இதைத்தானா? அவள் உன்னிடம் ஏன் சொன்னாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? அந்த வீட்டில் அவள் புருஷன் கையை ஓங்குகிறவன் என்பது அப்போது உனக்கு மட்டும்தான் தெரியும், எங்களிடம் அவள் அப்புறம்தான் சொன்னாள். ஒரு பிள்ளையும் வந்துவிட்டால் அந்த வாசலைத் தாண்டவே முடியாது என்று பயந்து கிடந்தவள். அந்த ஒரு நொடியை நினைத்து நினைத்து, சாமியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகக் கால் வராமல், தம்பி நாளைக்குச் சாமியாகப் போகிறவன், அவனிடம் முதலில் சொல்லிப் பார்ப்போம் என்று சொன்னாள். என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே என்று எனக்கு அவள்மேலும் கோபம்தான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அவள் உன்னை நம்பினாள். நீ அவளை எடுத்துப் பிரசங்கத்துக்குத் தாளித்துக் கொட்டிவிட்டாய்.

நீ மறுநாளே பஸ் ஏறிப் போய்விட்டாய், அதற்கப்புறம் நடந்தது எதையும் நான் போனில் சொல்லவில்லை. அவள் மாமியாரும் அன்றைக்குக் கோவிலில் இருந்தாள் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அடுத்த வாரமே அக்காவின் துணிமணியை இரண்டு பையில் திணித்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, பிள்ளை செத்ததுக்குச் சந்தோஷப்பட்டவ எங்க வீட்டுக்கு வேண்டாம், இவ மனசாலயே அது செத்துச்சு என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டிலிருந்து அவள் வெளியே வந்தது நல்லதுக்குத்தான் என்று நீ எழுதக்கூடும். எழுதாதே. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு தானாக வந்திருக்க வேண்டியவள். இப்போது கடையில் என்னோடு வேலைக்கு வருகிறாள், ஆனால் முன்னால் நின்று விற்கமாட்டேன் என்று பின்பக்கம் அடுப்புச் சூட்டில் நின்று ரொட்டி அடுக்குகிறாள். ரொட்டி வாங்க வருகிறவர்கள் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், ஒருத்தி என்னிடம் எப்படி இருக்கா பாவம் என்று கேட்டுக்கொண்டே மிச்சச் சில்லறையை வாங்க மறந்துவிட்டுப் போனாள், அவ்வளவு ஆவல். அக்கா இந்த வீட்டில் இருந்தால் தினமும் செபமாலையை ஆரம்பிக்கிறவள் அவள்தான், உனக்கே தெரியும். இப்போது நான் ஆரம்பிக்கிறேன், அவள் போய் துணி மடிக்கிறாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் உன் பேரைக் கோவிலில் வாசித்தார்கள். இந்தப் பங்கைச் சேர்ந்த இன்னார் மகன் திருத்தொண்டர் பட்டம் பெற இருக்கிறார், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. உன் அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிக்கிறார்களே, அது யாரைச் சொல்கிறார்கள், முன்பின் தெரியாதவனையா? நீ குடிக்கமாட்டாய், பொய் சொல்லமாட்டாய், செபம் தவறமாட்டாய், உபதேசியாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேலும் தெரியுமே. பூசை முடிந்ததும் சாமி உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போனேன். பட்டத்துக்குக் கேக் நம் கடையிலிருந்துதானே, எத்தனை அடுக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சொன்னேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தன வருஷத்துல இந்த அறிவிப்புக்கு யாருமே வந்ததில்லம்மா, அதுவும் பெத்த தாய் என்றார். நல்லாத்தானே பேசினான், நான்கூடப் பாராட்டினேனே என்றார். சாமி, நீங்களும் பாராட்டுனீங்க, அதான் நான் வந்தேன் என்று சொன்னேன். அவனுக்கு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இப்போது வேண்டாம், ஒருவர் வந்து மனதைத் திறந்தால் அதை என்ன செய்வது என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை, எது பேச்சுக்கு ஆகும் என்றுதான் பார்க்கிறான், நாளைக்கு அவனைத் தொட்டிக்குள் உட்கார வைத்தால் ரகசியத்தைக் காப்பான், சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டம் இருப்பதால் மட்டும்தான் காப்பான் என்றேன். குருமடத்துக்கு எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்குச் செய்தி வந்ததும் நேராக அக்காவிடம்தான் போய் உன் தம்பி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே என்று கத்தினார். அவளில்லை, நான் என்று சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகிற இடமெல்லாம் என் மகன் சாமியாகப் போகிறான் என்று சொல்லி வைத்திருந்த மனுஷன், இப்போது படிக்கட்டில் ஏறிப் போய் யாரையும் பார்க்காமல் வேலை பார்த்துவிட்டு வருகிறாராம். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், தட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அக்காவாவது என் பக்கம் இருப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது என்ன தெரியுமா, அவன் கோவில்ல சொன்னான், நீ சாமிகிட்டப் போயி சொன்ன, இன்னும் யார்கிட்டம்மா பாக்கி இருக்கு என்று கேட்டாள். இதை உன்னிடமிருந்து மறைத்தால் நான் யோக்கியமானவள் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை அக்கா மத்தியானம் வேலையிலிருந்து சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள். நகரத்தின் அந்தக் கோடியில், அவளை யாருக்கும் தெரியாத ஒரு கோவிலுக்கு இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றிருக்கிறாள், அதைக் கேட்டபோது ஆண்டவரே என்று நினைத்தேன். அவள் முறை வருகிற நேரத்தில் தொட்டித் திரை கொஞ்சம் விலகி உள்ளே இருந்த சாமியின் முகம் தெரிந்திருக்கிறது. புதிதாகப் பட்டம் வாங்கியவராம், உன் வயதுதான் இருக்குமாம். பின்னால் நின்ற பெண்ணிடம் நீங்க போங்க என்று வழிவிட்டுவிட்டு அதே இரண்டு பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள். வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, சின்னப் பையன்ம்மா என்றாள். அந்தச் சாமி யாரோ என்னவோ, தங்கமானவராகக்கூட இருக்கலாம், அவர் ஒரு பாவமும் செய்யவில்லை. அவள் பார்த்தது உன் முகத்தை. தடை சொன்னதற்கு அதன் பிறகு நான் ஒரு நாள்கூட வருத்தப்படவில்லை.

இருமல் இருந்தால் சிற்றாலயத் தரையில் வெறுங்காலோடு நிற்காதே, இரவு மௌனம் என்று மருந்து கேட்காமல் கிடக்காதே. அதிபர் சாமிமேல் கோபப்படாதே, என்மேல் படு, நான் தாங்குவேன். உன் நெற்றியில் நான் போட வேண்டிய சிலுவையை நீயே போட்டுக்கொள், ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல காதைக் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அக்காவுக்கு நீ எழுதத்தான் வேண்டும், ஆனால் மன்னிப்பு, இரக்கம், சிலுவை எதையும் அதில் கொண்டுவராதே. குழம்பில் உப்பு இல்லை, கால்பந்தில் தோற்றோம், மழை பெய்கிறது என்று எழுது. அவள் பதில் போடமாட்டாள். நீ எழுதிக்கொண்டே இரு, ஒரு வருடம் இருக்கிறது.

உன்னை மறித்துவிட்டு, உனக்காகவே முழந்தாளிடுகிற
அம்மா