உன் பங்குக்குரிய கதிரை

மூதூர்

அன்பு மகன் ஹஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கச்சி ஷாமிலாவும் சுகம், தோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நேற்றும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைத்துவிட்டு இன்று கடிதம் எழுதுவதற்கு என்னோடு கோபிக்காதே. போனில் உன் முகம் கொஞ்சம் வாடினாலே சொல்ல வந்ததை விட்டுவிட்டு, 'சரி மகன், சாப்பிட்டியா' என்று கேட்டு வைத்துவிடுவேன். லீவு முடிந்து உன்னோடு வேலை செய்கிற நஸ்ரி தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் மாசிச் சம்பலையும் கொடுத்துவிடுகிறேன்.

வாப்பாவின் முழங்கால் பரவாயில்லை, ஓட்டோ ஓட்டுகிறார், ஓட்டவேண்டாம் என்றால் கேட்பதில்லை. ஷாமிலாவின் கல்யாணத்துக்கென்று நீ தொடங்கிய மேல்மாடிக்குத் தூண் கம்பி எழும்பி நிற்கிறது. மீதி வேலைக்கு இன்பாஸ் மாமாவின் இறால் பண்ணையில் உன் பங்குக்கு வரும் லாபம் போதும் என்று நீ சொன்னாயே, அந்தப் பண்ணையைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன அறுவடைக்குக் குளங்களைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் கடலோரக் களப்புக்குள் விட்டார்கள். மருந்தும் மிஞ்சிய தீனும் அடிச்சேறும் ஒன்றாக வந்து கண்டல் மரங்களின் ஓரம் கறுத்துப்போனது. பின்வளவு அசனா சாச்சி வழக்கம்போல இடுப்பளவு தண்ணீரில் இறங்கி காலால் துழாவி மட்டிச் சிப்பி தேடியிருக்கிறாள். கிடைத்ததெல்லாம் வாய் பிளந்து நாறிய மட்டி, வீட்டுக்கு வந்தது காலெல்லாம் சொறி.

என்னை உனக்குத் தெரியும். நீ தொட்டிலில் கிடக்க, வெளிவாரியாக வீட்டிலிருந்தே பொருளியல் படித்து நம் குடும்பத்தில் முதல் பட்டம் எடுத்தவள் என்ற பேர்தான் பெரிது, படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கூட்டத்திலும் பின்வரிசை பார்த்துத்தான் இருப்பேன். ஆனால் பங்காளிகள் கூட்டத்துக்கு உனக்குப் பதிலாக ஒருவர் போகவேண்டும், வாப்பா தனக்குக் கணக்குவழக்கு விளங்காது என்று என்னை அனுப்பிவிட்டார். மாமா வீட்டில்தான் கூட்டம், ஆம்பிளைகள் ஹோலில் இருந்தார்கள், என்னைக் குசினிப் பக்கம் மாமியோடு இருத்தினார்கள். லாபத்தைப் பற்றி மட்டுமே கதை போனது, களப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. குசினி வாசலில் நின்று 'தம்பி, ஒரு விஷயம்' என்றேன். இன்பாஸ் திரும்பிப் பார்த்து, 'என்ன ராத்தா, புரியாணிக்கு உப்புக் காணாதா?' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சுட்ட காதோடேயே உள்ளே போய், 'இதில ஹஸ்மிட கதிரை எது?' என்று கேட்டுக்கொண்டே வெறுமையாகக் கிடந்த ஒன்றில் இருந்துவிட்டேன்.

களப்புக்குள் தண்ணீர் விட முதல் அதைத் தெளிய வைக்கத் தனியாக ஒரு குளம் வெட்டுங்கள் என்றேன். செலவு கூடும், இடமும் வீண் என்றான் இன்பாஸ். செலவு இப்போதும் இருக்கிறது, அதைப் பண்ணை கட்டாமல் களப்புக் கரையில் இருக்கிற பெண்கள் கட்டுகிறார்கள் என்றேன். ஒருவன் லாபத்தின் செலவை வேறொருவர் சுமப்பதைப் புத்தகத்தில் படித்து பரீட்சையில் எழுதியபோது எங்கோ ஒரு ஊரின் ஆலைப் புகை என்றுதான் நினைத்திருந்தேன் மகன். அவன் விடவில்லை. 'மட்டிய ஆரு ராத்தா விக்கிற? பொம்புளைகள் அள்ளித் திங்கிற சாமான். விக்காத சாமானுக்கு என்ன நட்டம்?' என்றான். 'இப்ப அசனா கடையில டின் மீன் வாங்குறா. அதுக்கு விலை இரிக்கு, கடைக்காரன்ட்ட கேளு. உன்னையும் என்னையும் உம்மா வளத்ததும் அந்த விக்காத சாமான்லதான்' என்றேன். கடைசியில் அவன் எழும்பி, 'விருப்பமில்லாட்டி மகன்ட பங்க எடுத்துக்கொண்டு போங்க' என்றான். 'எடுக்கமாட்டம். இந்தக் கதிரையிலதான் இருப்பம்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் நம் வாசல் மிதிக்கவில்லை. கூடப்பிறந்தவன், எனக்கு மனசு கனக்கிறதுதான். ஆனால் சொன்னதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கமாட்டேன். குளங்களில் இறால் குஞ்சு விட முதல் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதற்கும் போவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலைத்தலத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதே, சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் செய்து, உன்னை நல்லபடி எங்கள் கண்ணில் காட்டட்டும்.

இவ்வளவு நேரமும் தள்ளிப்போட்டதை இனித்தான் எழுதுகிறேன். பங்கை எடுக்கமாட்டோம் என்று நான் சொன்னது உன்னைக் கேட்காமல். எடுத்தால் நம் கை சுத்தமாகும், களப்பு சுத்தமாகாது. அந்தக் கதிரையில் வேறொருவன் வந்து வாய் திறக்காமல் இருப்பான். அதனால் கேட்கிறேன், இந்த முறை உனக்கு வரும் லாபத்தை அந்தக் குளம் வெட்டக் கொடு. மேல்மாடி கம்பியோடேயே நிற்கட்டும். ஷாமிலாவிடம் முதலே கேட்டுவிட்டேன், 'நான் என்ன இறாலா உம்மா, பருவம் தப்பினா விலைபோகாம இரிக்க?' என்று சிரிக்கிறாள். நான் சொன்னதை மாமா குசினிக் கதை என்று தள்ளிவிடுவான். நீயே போன் எடுத்து, உம்மா சொன்னதுதான் என் சொல்லும் என்று அவனிடம் சொல்லு மகன்.

உன் உம்மா,
பஹ்மியா