மய வர மாதிரி கீது

இன்று காலை டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில்தான் எனக்கு இப்போது வேலை. வண்டி கிளம்பியதும் ஓட்டுநர் போனில் ஒரு பாட்டைப் போட்டார். முதல் வரியைக் கேட்டதும் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மய வர மாதிரி கீது, துணிய எடு."

உன் பாட்டு. கம்ப்யூட்டரில் எழுத்தெழுத்தாகக் கோத்து, தொண்டையே இல்லாத ஒரு ஜப்பான் குரலை நீ பாட வைத்த பாட்டு. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பாட்டு என்னடாவென்றால் லாரி இரைச்சலுக்கு நடுவில் ஜம்மென்று உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. பெருமைதான் வந்தது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கல்லூரியில் நீதான் எனக்கு அந்த ஜப்பானியப் பாட்டுகளைக் காட்டினாய். நாம் கேட்கத் தொடங்கியபோதே அவை பழையவை. யாரோ தங்கள் அறையில் தனியாக உட்கார்ந்து, குரல் மென்பொருளை வைத்துச் செய்தவை. ரயில்வே கேட், பள்ளி முடிந்த சாயங்காலம், கோடை விடுமுறையின் கடைசி நாள், இவைதான் பெரும்பாலும் விஷயம். எனக்கு முதலில் கொசு பாடுவது போலத்தான் இருந்தது. அப்படியே உன்னிடம் சொல்லவும் செய்தேன். நீ கோபித்துக்கொள்ளாமல் ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் அழுத்தினாய்.

"நல்லா கேளுடி. பாடறதுக்கு ஆளே இல்ல. சொந்த ஊரே இல்லாத குரலு. ஆனா ஊர நெனச்சு ஏங்கிகினு கீது பாரு."

அதற்கப்புறம் எனக்கும் பைத்தியம் பிடித்தது. எம்.கே.பி. நகரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துக் காசிமேட்டில் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்தக் குரலை வைத்து நம் ஊரின் பாட்டு ஒன்றாவது செய்துவிட வேண்டும் என்பது உன் வெறி. நம் ஊருக்கும் ஏங்குவதற்கு ஒரு பாட்டு வேண்டாமா என்பாய்.

ஆனால் அந்தக் குரலுக்கு ஜப்பானிய எழுத்துகள் மட்டுமே தெரியும். அதில் ழகரம் இல்லை, லகரமும் இல்லை. 'ன்' தவிர வேறு மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் முடியாது. நீயோ கவியரங்கத் தமிழில் எழுதி வைத்திருந்தாய். 'மழை வரும் மாலையில்' என்று கொடுத்தால், 'மரை வருமு மாரையிரு' என்று பாடியது. நான் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தேன். நீ சிரிக்கவில்லை. வாரக்கணக்கில் முட்டி மோதினாய். ஒரு கட்டத்தில் கம்ப்யூட்டரையே விற்றுவிடப் போவதாகச் சொன்னாய், நினைவிருக்கிறதா?

ஐப்பசியில் ஒரு மத்தியானம். உன் அம்மா மீன் விற்று முடித்து வந்து, காலிக் கூடையை வாசலில் கவிழ்த்தார். வானத்தைப் பார்த்து, வழக்கம் போல உன்னை அதட்டினார். "மய வர மாதிரி கீது, துணிய எடு."

நீ துணி எடுக்கப் போகவில்லை. அதே வாக்கியத்தை, வேடிக்கைக்காகத்தான், கட்டம் கட்டமாக அடித்து ஓட விட்டாய். ம, ய, வ, ர, மா, தி, ரி. ஓர் எழுத்துகூடச் சறுக்கவில்லை. தண்ணீர் மாதிரி பாடியது. நாம் இருவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். துணியெல்லாம் நனைந்து, உன் அம்மாவிடம் நம் இருவருக்கும் அர்ச்சனை கிடைத்தது.

அப்புறம்தான் நமக்கு உறைத்தது. நம் பேச்சில் எல்லாச் சொல்லும் உயிரில் முடிகிறது. பேஜாரு, மாமு, நைனா. ஜப்பான்காரர்களிடம் இல்லாத ழகரம் நம் வாயில் என்றைக்கோ யகரமாகிவிட்டது. கல்லூரியில் நம்மை வாழைப்பழம் சொல்லச் சொல்லி, 'வாயப்பயம்' கேட்டுச் சிரித்தவர்களின் தமிழ் அந்தக் குரலுக்கு ஏறவே இல்லை. நம்முடையது பிறந்த வீட்டுக்கு வந்தது போல ஏறியது.

"இன்னாடி இது, நம்ம தெருவுல பொறந்துட்டு ஜப்பானுக்குப் போன மாதிரி பேசுது" என்றாய்.

அன்றே பழைய வரிகளைத் தூக்கிப் போட்டாய். அம்மா ஒரு நாளில் பேசும் பேச்சுகளையே கோத்துப் பாட்டாக்கினாய். படகுக்குப் போன அப்பாவை 'மய வருது நைனா, வூட்டுக்கு வா நைனா' என்று கூப்பிடும் இடத்தை இன்றும் திரும்பத் திரும்ப ஓட விட்டுக் கேட்பேன். லகரம் மட்டும் கடைசி வரை மசியவில்லை. அதனால் கடல் என்ற சொல்லே இல்லாமல் ஒரு மீனவப் பாட்டு முடிந்தது. நான் குறையாகச் சொன்னேன். வாசலிலேயே கிடப்பதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று கேட்டுவிட்டாய்.

முதல் முறை ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டபோது நல்ல வெயில். கீழ் வீட்டு அக்கா வாளியோடு மாடிக்கு ஓடினார். திரும்பி வந்து, வெயில் இப்படிக் காயும்போது உன் அம்மா ஏன் மழை என்று கத்தினார் என்று சண்டைக்கு நின்றார். உன் அம்மா அப்போது மார்க்கெட்டில் இருந்தார். சாயங்காலம் அவரும் கேட்டார். கொஞ்சம் மூக்கால் பாடுகிறது, மற்றபடி பரவாயில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதைவிடப் பெரிய விருது நீ வாங்கியதில்லை.

நகரத்தின் அந்தப் பக்கம் நடந்த இசை விழாவுக்கு அனுப்பினோம். நேரில் வரச் சொன்னார்கள். தேர்வு செய்தவர் நல்ல மனிதர்தான். மெட்டு அருமை என்றார், காபி வாங்கிக் கொடுத்தார். மெஷினுக்கு உச்சரிப்பு வரவில்லை போலிருக்கிறது, 'மழை' என்று மட்டும் திருத்திக்கொண்டு வந்தால் மேடை உண்டு என்றார். அந்த மேடைக்கு நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். தங்கை சுடிதாரைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாய்.

"மெஷினு கரெக்ட்டாத்தான் பாடுது சார். எங்க வூட்டாண்ட மயதான் பேயும்."

வீட்டுக்கு வந்ததும் பாட்டை ஓர் எழுத்துகூட மாற்றாமல் இணையத்தில் ஏற்றினாய். கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் பாதி நான்தான். அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. ஊர் கேட்டதைப் பார்க்காமலே போய்விட்டாய். எனக்கு ஆறாத விஷயம் அது ஒன்றுதான்.

ஏனென்றால் இப்போது ஊர் கேட்கிறது. யாரோ ஒருவர் மாடியில் நனையும் துணிகளை வீடியோ எடுத்து உன் பாட்டைச் சேர்த்துப் போட்டாராம். அதிலிருந்து பற்றிக்கொண்டது. உன் அம்மாவின் போனில் யார் கூப்பிட்டாலும் அதுதான் அடிக்கிறது. பாட்டு முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, எடுக்காமலே விட்டுவிடுகிறார். நாங்கள் திரும்பக் கூப்பிடுவோம். நானும் ஆபீஸில் ஜன்னலைப் பார்த்து வாய் நிறைய 'மய' என்றுதான் சொல்கிறேன். அதை நீ எனக்கு விட்டுப்போன சொத்தாக வைத்திருக்கிறேன்.

இன்று ஆட்டோவில் பக்கத்தில் இருந்த காலேஜ் பெண், இது கம்ப்யூட்டர் குரல், ஜப்பானுடையது என்று ஓட்டுநரிடம் விளக்கினாள். அவர் கண்ணாடியில் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா நீ. ஜப்பான்காரிக்கு மயன்னு சொல்ல வருமா? இது நம்ம காசிமேட்டுப் பொண்ணு. எங்க வூட்டுக்கு நாலு வூடு தள்ளித்தான் கீது."

அந்தப் பெண் சாட்சிக்கு என் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் சொல்வதுதான் சரி, எனக்கும் அவளைத் தெரியும் என்றேன்.

சொந்த ஊரே இல்லாத குரல் என்றாயே. இப்போது அதற்கு ஊர் இருக்கிறது. நாலு வீடு தள்ளி, அதற்காகச் சண்டைக்கு வர ஒரு ஆளும் இருக்கிறார்.