நான்கு மைக்ரான் என்று நான் எழுதியது

பிப்ரவரி 3
மூச்சிரைப்பு மருந்து டப்பாக்களின் புதிய லாட் பரிசோதனைக்கு வந்தது. லேசருக்கு முன்னால் புஸ்ஸென்று அடிப்பது, துளிகளில் பட்ட ஒளி எவ்வளவு விரிந்து சிதறுகிறது என்று மிஷின் சொல்வதைக் குறித்துக்கொள்வது — இதுதான் என் உத்தியோகம். அதிகம் விரிந்தால் துளி சிறியது. பத்தாவதையே இரண்டு தவணையில் தாண்டியவனுக்கு இந்த விஞ்ஞானம் போதும். ஐந்து மைக்ரானுக்குள் இருந்தால் நுரையீரல் வரை போகும். மிஞ்சினால் தொண்டையோடு சரி. நான்கு வந்தது. கையெழுத்திட்டேன். மகளுக்கும் இரைப்பு உண்டு, அவளுக்கும் ஒரு டப்பா கேட்டு வாங்கிவந்தேன்.

பிப்ரவரி 9
“அப்பா, இது தொண்டையிலயே கசக்குது. உள்ள போகவே இல்ல.”
மிஷினே போகும் என்கிறது, நீ அதைவிடப் பெரிய ஆளா என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்க மூச்சு வேண்டுமே.

பிப்ரவரி 10
மூன்று படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டாள். பழைய மருந்தைக் கொடுத்தேன். கால் மணியில் எழுந்தாள்.

பிப்ரவரி 11
எடுத்துவைத்த சாம்பிளை மறுபடி அடித்துப் பார்த்தேன். இந்த மருந்து கெட்டிப் புகை. ஒளியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மறுபக்கம் வருகிறது. ஒரு துளியில் பட்டது இன்னொன்றில், அங்கிருந்து மற்றொன்றில் என்று மோதி மோதி விரிந்துவிடும். மிஷின் ஏமாந்து, துளி சிறியது என்னும். அதற்கென்று ஒரு திருத்தம் உண்டு, அதைப் போட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும். லாட் வந்ததற்கு முந்தின நாள், வேறொரு மெல்லிய ஸ்பிரேக்காக நிறுத்தியிருந்தேன். திரும்பப் போட்டேனா? — போடலையே, பாவி.
இன்று போட்டேன். ஒன்பது.

பிப்ரவரி 12
மேனேஜரிடம் சொன்னேன். லாட் முழுக்கக் கடைகளுக்குப் போய்விட்டதாம். “உங்க பொண்ணு இப்ப நல்லாத்தானே இருக்கா? அப்புறம் என்ன? வேலையப் பாருங்க.”
பார்த்தேன்.

பிப்ரவரி 20
இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. என்ன ஜென்மமோ.

பிப்ரவரி 26
ஒரு அம்மாவிடமிருந்து கம்பெனிக்குக் கடிதம். கணவர் போய்விட்டாராம். கடைசி வரை எங்கள் டப்பாவைத்தான் அழுத்தினாராம். திட்டவில்லை. ‘நாங்கள் அழுத்திய விதம் தப்பா?’ என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஆமாம், உபயோகித்த முறைதான் தவறு என்று பரிசோதனைப் பிரிவின் பதிலாக எழுதித் தரச் சொல்லி, மேனேஜர் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 27
பதில் எழுதினேன். ‘அம்மா, அவர் சரியாகத்தான் அழுத்தினார்.’ அதன் கீழே நடந்தது எல்லாம், லாட் எண்ணோடு. முழுப் பெயரில் கையெழுத்து. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு நகல். இரண்டையும் தபாலில் சேர்த்துவிட்டு வந்துதான் மேனேஜரிடம் சொன்னேன். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.
பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து மகள், “என்னப்பா, லீவா?” என்றாள்.
ஆமாம் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டாள்.