மூக்கால் விழுந்த ஓட்டு

என் வீட்டரசிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

எங்கள் விடுதிக்கு இப்போது மேலாளர் கிடையாது. நாற்பது பேரும் போனில் ஓட்டுப் போட்டே எல்லாவற்றையும் முடிவு செய்கிறோம். நேற்று வெல்டிங் கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு போனை மூக்கால் அழுத்தினேன். ‘குளியலறைப் பொறுப்பை ஏற்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ விழுந்துவிட்டது.

“மூக்கு சொன்னா சொன்னதுதாண்ணே!” என்று பக்கத்துக் கட்டில் எலக்ட்ரீஷியன் துடைப்பத்தை நீட்டினான். சிரித்துக்கொண்டே தேய்த்தேன், தரை பளபளக்கிறது.

வாசல் கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறாயாமே, என் தங்கை சொன்னாள். இங்கே சோப்பு வாங்கக்கூட என்னைக் கேட்கிறார்கள். என் ஓட்டு பச்சைக்கு.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. ஏற்கெனவே நீலம் அடித்திருந்தாலும் பரவாயில்லை. என்னைக் கேட்டுத்தான் அடித்தாய் என்று அம்மாவிடம் சொல்லிவை.

உன்னவன்