நாற்பது மணி நேரத் தாள்

போன செவ்வாய்க்கிழமை அம்மா பேருக்கு ஒரு பார்சல் வந்தது. கையெழுத்து வாங்க கூரியர்காரர் தன் போனை நீட்டினார். திரையில் விரலால் எழுத வேண்டும். அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பாதிப் பெயர் வருவதற்குள் இடம் தீர்ந்துபோனது. அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து, பொடியாக எழுதினாள்.

"இன்னா ஆயா, ஒரு கோடு இஸ்துவுட்டா போதும். பரீட்சையா எய்துற?" என்றார் அவர்.

"பேருன்னு ஒண்ணு கீதுல்ல? இரு நைனா, அவசரப்படாத."

அமலோற்பவம். முழுசாக எழுதி, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் குட்டி வட்டம் போட்டு முடித்தாள். அந்த வட்டம் உன்னுடையது. நீதான் புள்ளிகளை எல்லாம் வட்டமாகப் போடுவாய். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் என் அம்மாவின் விரல் நுனியில் உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு வயிறு எரிந்தது. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படக் கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பார்சலை அனுப்பியது உன் அண்ணன். அதில் என்ன இருந்தது என்பதற்கு முன்னால் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரியாத கதை இல்லை. என் வாயால் உன்னிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் நமக்குச் 'சேவைவழிக் கற்றல்' என்று ஒரு பாடம் வைத்தார்கள். ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு பகுதியில் நாற்பது மணி நேரம் மக்களோடு வேலை செய்ய வேண்டும். அங்கே இருக்கும் ஒருவர் ஒவ்வொரு முறையும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளுக்குத்தான் மதிப்பெண். நான் எழுந்து, எங்கள் காசிமேட்டு ஹவுசிங் போர்டிலேயே செய்கிறேன் என்று கேட்டேன். "சொந்த ஏரியாவுல செஞ்சா அது சர்வீஸ் இல்லம்மா, வீட்டு வேலை," என்றார் மிஸ். என்னை வியாசர்பாடியில் ஒரு மாலை வகுப்புக்கு அனுப்பினார். காசிமேட்டை உனக்குக் கொடுத்தார். அடையாற்றிலிருந்து வருகிற உனக்கு வழி தெரியாது, நீயே கூட்டிப் போ என்று என்னிடம் சொன்னார். என் வீட்டுக்கு நானே உன்னை வழிகாட்டிக் கூட்டிப் போனேன்.

முதல் நாளே நீ அடி பம்பில் குடம் பிடித்து மூன்றாம் மாடிக்குத் தூக்கினாய். பாதித் தண்ணீர் படியில் போனது, மீதி உன் சுடிதாரில். மாடி முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு உனக்கு இரண்டு மணி நேரம் வரவு. அதே படியில், அதே பம்பிலிருந்து, பத்து வயதிலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் தூக்கியவள் நான். "நான் தூக்கினா வீட்டு வேலை, நீ தூக்கினா சமூக மாற்றம்," என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் ஜோக் அடிக்கவில்லை.

அம்மாவை நீ ஆன்ட்டி என்று கூப்பிட்டாய். "ஆன்ட்டி கீன்ட்டில்லாம் வாணாம் கண்ணு, அம்மான்னே கூப்பிடு," என்றாள். எனக்கு 'இன்னாடி', உனக்குக் 'கண்ணு'. நீ சைவம் என்று தெரிந்ததும் மீன் படாத புதுச் சட்டி ஒன்று வாங்கி, அதில் உருளைக்கிழங்கு வறுத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் எதற்காகவும் புதுச் சட்டி வாங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. அது இன்றும் சமையல்கட்டில் தனி ஆணியில் தொங்குகிறது. யாரும் அதில் சமைப்பதில்லை.

அந்த வருடம் குழாயில் சாக்கடை கலந்து வந்துகொண்டிருந்தது. தண்ணி ஆபீஸுக்கு மனு கொடுக்கலாம் என்று நீதான் ஆரம்பித்தாய். மனுவை எழுதியது நான். நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதினேன். ஆனால் மாடி முழுக்க "அந்தப் பொண்ணு மனு எய்திச்சு" என்றுதான் பேச்சு. நீ மறுத்துச் சொன்னாய், அதற்கும் "இன்னா அடக்கம் பாரு" என்று உனக்கே பாராட்டு.

கைநாட்டு வேண்டாம், எல்லாரும் பேர் எழுதுங்கள் என்று ஒரு யோசனையும் உனக்கு வந்தது. அம்மாவுக்கு அது சரியாகப்பட்டது. இறால் உரிக்கும் ஷெட்டில் இருபது வருடம் வேலை செய்து அவள் விரல் நுனி வழவழவென்று ஆகியிருந்தது. கைநாட்டு வைத்தால் ரேகை விழாது. சாயங்காலங்களில் நீ அவளுக்குப் பெயர் எழுதச் சொல்லிக் கொடுத்தாய். நீளமான பெயராயிற்றே, அமலா என்று சுருக்கிக்கொள் என்றேன் நான். "பாதிப் பேர எய்துனா பாதி ஆளாடி நானு?" என்றாள். ஷெட்டில் ஐஸ் கட்டி மேலெல்லாம் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். இத்தனை ஆசை அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன் நான். என் அம்மாவுக்கு அவள் பெயரை எழுதச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

மனுவில் கையெழுத்து வாங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் சொல்ல வந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் வந்திருந்தார்கள். நீ கீழ்த்தளத்தில் இருந்தாய். எங்கள் மாடிக்குத் தாளை எடுத்து வந்தது நான். அம்மா கோயிலுக்குக் கட்டிய சேலையோடு தரையில் உட்கார்ந்து பேனாவைப் பிடித்தாள். முதல் எழுத்துக்குக் கிட்டப் போனாள். கை நடுங்கியது. அது தானாக நின்றிருக்கும், நான் சும்மா இருந்திருந்தால்.

"கோணலா வரும்மா. ஆபீஸ்ல பாத்தா சிரிப்பாங்க. கைநாட்டே வெச்சுடு," என்றேன்.

என்னை ஒரு முறை பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள். மை அட்டையில் கட்டைவிரலை அழுத்தித் தாளில் வைத்தாள். ரேகை இல்லாமல் ஒரு நீலக் கறைதான் விழுந்தது.

நீ மேலே வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றாய்.

"கை நடுங்கிச்சு கண்ணு. அடுத்த தபா பாத்துக்கலாம்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. படி இறங்கும்போது நீ என்னிடம், "நீ ஏதாவது சொன்னியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எரிச்சலாவது தீர்ந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து வியாசர்பாடியிலிருந்து கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. நீயும் அம்மாவும் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள், நடுவில் நாற்பது மணி நேரத் தாள். மின்விசிறியில் பறக்காமல் நீ ஓரத்தைப் பிடித்திருந்தாய். அம்மா ஒவ்வொரு வரியாகத் தன் முழுப் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை என் ராங்க் கார்டு எல்லாவற்றிலும் இருப்பது அந்த நீலக் கறைதான். அவளுடைய முதல் கையெழுத்து உன் மதிப்பெண்ணுக்குப் போகிறது. நான் உள்ளே போகாமல் திரும்பி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் இருட்டும் வரை நின்றேன். நீ போன பிறகுதான் வீட்டுக்குள் வந்தேன்.

பிறகு குழாயைத் தோண்டி மாற்றினார்கள். படிப்பு முடிந்ததும் நீ எங்கெங்கோ குப்பங்களில் சமூகப் பணிக்குப் போனாய். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாய், என்னைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு. நான் கல்லூரி ஆசிரியை ஆனேன். வேடிக்கை என்னவென்றால் இப்போது அந்தப் பாடத்தை நடத்துகிறவளே நான். சொந்தப் பகுதியில் செய்யக் கூடாது என்ற விதியை நான் எடுக்கவில்லை. எனக்குக் கிடைக்காதது இவர்களுக்கு மட்டும் எதற்கு என்ற அற்பக் கணக்குத்தான்.

நீ ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போனாய். அம்மாவை அடையாற்றுக்கு ஆட்டோவில் கூட்டி வந்தேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்து, "என்னைப் பெத்த கண்ணு" என்று அவள் அழுத அழுகையில் உன் சொந்தக்காரர்கள் எழுந்து இடம் விட்டார்கள். யாரோ ஒரு மாமி என்னிடம் வந்து, "அவா யாரு, வளர்த்தவாளா?" என்று கேட்டார். "என் அம்மா," என்றேன். அந்த வீட்டில் நின்றுகொண்டுகூட, நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, நினைத்ததைச் சொல்கிறேன்.

பார்சலைப் பிரித்தேன். ஒரு பழைய பைலும் உன் அண்ணனின் சீட்டும் இருந்தன. "அவள் பீரோவில் இருந்தது. உங்கள் அம்மாவின் கையெழுத்து இருப்பதால் அவர்களுக்கே அனுப்புகிறேன்." பைலைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாள்தான். கிழித்துப் போட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

மாணவி பெயர் என்ற இடத்தில், வட்டப் புள்ளிகளோடு உன் எழுத்தில், என் பெயர் இருந்தது.

என் பெயர், என் வகுப்பு, என் வரிசை எண். கீழே வரி வரியாக நான் செய்த வேலைகள். பம்பிலிருந்து மூன்றாம் மாடிக்குப் பன்னிரண்டு குடம். எதிர் வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை வாங்கியது. மனு எழுதி நான்கு முறை திருத்தியது. அம்மாவின் விரலில் ஏறிய இறால் முள்ளை ஊசியால் எடுத்தது. இத்தனையும் எப்போது பார்த்தாய்? நான் உன்னை முறைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நீ என்னைக் குறித்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் அமலோற்பவம், அமலோற்பவம், அமலோற்பவம். அடியில் சிவப்பு மையில் மிஸ் எழுதியது: "சொந்த வீடு. ஏற்க இயலாது." அதற்கும் கீழே பென்சிலில் நீ: "மறுபடி கேட்கணும்."

"இது உனக்குத் தெரியுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"தெரியாமயா கையெழுத்துப் போட்டேன்? உன் பேர்ல எய்திகினு வந்துச்சு. காலேஜுல ஒத்துக்கினா அப்பால சொல்லலாம், அதுவரைக்கும் மூச்சு வுடாதீங்கன்னுச்சு. ஒத்துக்கலியாம். எத்த சொல்றது?"

"பதினேழு வருசமாம்மா?"

"நீதான் அந்தப் பொண்ணு பேர எடுத்தாலே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியே."

பாடத்திட்டத்தில் அந்த விதியை மறுநாளே அடித்துவிட்டேன். அதற்காக என்னை நல்லவள் என்று எண்ணிவிடாதே. இப்போதும் எரிகிறது. முன்பு அம்மாவை எடுத்துக்கொண்டாயே என்று எரிந்தது. இப்போது, இப்படி ஒன்றைச் செய்ய உனக்குத் தோன்றியதே, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எரிகிறது. இதைத் தீர்த்துக்கொள்ள நீ இல்லை.

தாளின் அடியில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. மாணவியின் கையெழுத்து. அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். தினம் பத்துத் தாளில் கையெழுத்துப் போடுகிற கை, என்னமோ ஆகி, கடைசி எழுத்து எங்கேயோ போய்விட்டது.

அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாடி, கோணலா கீது," என்றாள். "ஆபீஸ்ல பாத்தா சிரிப்பாங்க."