இருபத்தேழாவது படியில் நடந்தது பற்றிய மனு

அனுப்புநர்:
மறைந்த நில அளவையாளரின் மனைவி, வயது 78,
கதவு எண் 16, நான்காம் மாடி.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக அலுவலகம்.

பொருள்: சமூகப் புத்தாக்க வடிவமைப்புத் துறையின் முதுநிலை ஆய்வு மாணவியை இடைநிறுத்திய ஆணையை நீக்கக் கோருதல்.

பார்வை: தங்கள் விசாரணைக் குழு என் மகனுக்கு அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் படிக்கட்டில் விழவில்லை. உட்கார்ந்தேன். விழுந்துவிட்டேன் என்று எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். தங்கள் குழுவின் கடிதத்திலும் அப்படியே ஏறியிருக்கிறது. என் உடம்பில் ஒரு சிராய்ப்பும் இல்லை.

2. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. என் வாசலிலிருந்து தெருவுக்கு எழுபத்திரண்டு படிகள். வயதானவர்கள் இடையில் இளைப்பாற, சுவரோடு மடித்துவைக்கும் இருக்கை ஒன்றை எங்களோடு சேர்ந்தே வடிவமைப்பதுதான் அந்த மாணவியின் ஆய்வு. முதல் நாள் என்னைப் "பாட்டி" என்றார்; திருத்தினேன். அதன்பிறகு "அம்மா"தான். அட்டையில் இருக்கை செய்துவந்து எங்களை உட்காரவைத்துப் பார்த்து, என் முழங்காலுக்காக மட்டும் உயரத்தை நான்கு முறை மாற்றினார். முகம் சுளிக்கவில்லை.

3. இருக்கை இரண்டாம் மாடித் திருப்பத்தில் பொருத்தப்பட்டது. கடந்த பிப்ரவரி 12 காலை பத்து மணிக்குச் சோதனை. என் வாசலிலிருந்து இறங்கத் தொடங்கி இருபத்தேழாவது படியில் எனக்கு மூச்சு முட்டியது, அங்கேயே உட்கார்ந்தேன். இருக்கைக்கு இன்னும் ஒன்பது படிகள் இருந்தன. மாணவி பதறிக் கை நீட்டினார். "தொடாதே. மணி என்னன்னு எழுது" என்று அதட்டியது நான். அழாத குறையாக எழுதினார். அந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேலே வந்தார். "அந்தம்மா விழுந்து கெடக்குறாங்க, இந்தப் பொண்ணு நின்னு கதை எழுதுது பாருங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் எல்லாக் கதவுகளும் திறந்தன. மறுத்துப் பேச எனக்கு அப்போது மூச்சில்லை. மூச்சு வந்த பிறகும் பேசவில்லை. அதற்கான காரணத்தைத்தான் இனி எழுத வேண்டும்.

4. இருக்கை தவறான இடத்தில் இருந்தது உண்மை. அந்தத் தவறு மாணவியுடையது அல்ல, என்னுடையது. வாரத்தில் எத்தனை முறை கீழே போகிறீர்கள் என்று அவர் முதலில் கேட்டபோது, தினமும் இருமுறை என்றேன். பாதி வழியில் ஓர் இடம் இருந்தால் போதும் என்றும் சொன்னேன். உண்மையில் அதற்கு முந்தைய பதினொரு மாதங்களில் நான் ஒரு நாளும் இறங்கவில்லை. காய்கறிக்காரரிடம் பையைக் கயிற்றில் கட்டி இறக்குவேன். மாணவி வரும் நாட்களில் அந்தக் கயிற்றைக் குளியலறையில் ஒளித்துவைப்பேன். போய்வருவதைப் பதினான்கு நாட்கள் குறித்துவைக்கும்படி அவர் ஒரு நாட்குறிப்பு தந்தார். பூங்கா, நூலகம், தையற்கடை என்று நாள் தவறாமல் நிரப்பிக் கொடுத்தேன். அவ்வளவும் கற்பனை. கன்னியர் மடப் பள்ளியில் பழகிய கையெழுத்து என்னுடையது. அதில் எழுதியதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. நான்கு சுவருக்குள் கிடப்பவள் என்று ஒரு சின்னப் பெண்ணின் நோட்டில் பதிவாக எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

5. என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். நல்லவன், பயந்துவிட்டான். "ஏம்மா இதுல போய் மாட்டிக்கிட்டே?" என்று கேட்டுவிட்டு, நான் ஆய்விலிருந்து விலகுவதாக அவனே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டான். ஆய்வுக்கு ஒப்புதல் அளிக்கும் மனநிலையில் நான் இருந்தேனா என்பது ஐயத்திற்குரியது எனத் தங்கள் குழு முடிவெடுத்து, மாணவியை இடைநிறுத்தியிருக்கிறது. குழுவில் மூவர் இருந்தும் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. எழுபத்திரண்டு படி ஏறுவது சிரமம் என்பதை நான் அறிவேன். தொலைபேசி இருக்கிறது.

6. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இம்மாதம் 31 கடைசி நாள் என்றும், தவறினால் பட்டம் கிடையாது என்றும் அறிகிறேன். ஆகவே நான் வேண்டுவது: என் மகன் அனுப்பிய விலகல் கடிதத்தை நீக்கி, இத்துடன் உள்ள என் ஒப்புதலை ஏற்க வேண்டும். பொய்யான நாட்குறிப்பைத் தள்ளிவிட்டு, இந்த மனுவின் நான்காம் பத்தியைச் சான்றாக வைக்க வேண்டும். காவலாளி அறையில் கழற்றிப் போட்டிருக்கும் இருக்கையை மூன்றாம் மாடித் திருப்பத்தில் பொருத்தி மறு சோதனை நடத்த மாணவிக்கு அனுமதியும், அதற்கேற்ற கால நீட்டிப்பும் தர வேண்டும். எந்த நாள் ஆனாலும் நான் தயார்.

7. நாட்குறிப்பு பொய் என்பது மாணவிக்கு இன்னும் தெரியாது. நான்கு முறை சொல்ல முயன்றேன், ஒவ்வொரு முறையும், "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று அவர் முந்திக்கொண்டார். இதன் நகலை இன்றே அவருக்கும் அனுப்புகிறேன். படித்த பிறகு அவர் என்னோடு பேசாமல் போனாலும், அவர் படிப்பு நிற்கக் கூடாது.

தங்கள் முடிவை என் மகனுக்கு அல்லாமல் எனக்கு, எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
(கையொப்பம்)

இடம்: இல்லம்
நாள்: மார்ச் 9, திங்கட்கிழமை

இணைப்பு: என் ஒப்புதல் கடிதம்
நகல்: ஆய்வு மாணவிக்கு