சொல்லாமல் விட்ட 'பேக்கு'

அக்கா,

காலையில் ஒரு நாயின் காதுப் புண்ணிலிருந்து புழு எடுத்தேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும், புழு வெளியே வர ஊற்றிய டர்பன்டைனின் வாசனை விரலை விடவில்லை. உங்கள் புடவைத் தலைப்பில் எப்போதும் அடிக்கும் வாசனை. நீங்கள் போன பிறகு நாய்க் காப்பகத்தில் உங்கள் வேலையை எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, லிங்கராஜபுரம் வீட்டில் யாரிடமும் பேசாமல் கிடந்தவள் நான். கால் ஒடிந்த நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்தீர்கள். "தேறுற வரைக்கும் வச்சிரு. ஃபாஸ்டர்னு பேரு. அப்புறம் திருப்பிக் குடுக்கணும், மனச வச்சிடாத." வைத்துவிட்டேன். பாலில் நனைத்த ரஸ்க் தவிர வேறெதையும் தின்னாததால் ரஸ்க் என்று பேரும் வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து காக்ஸ் டவுனிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து அதைக் கேட்டது. தத்துக் கட்டணம் ஐந்நூறு ரூபாய். அதைக் கட்டினால் நானே வைத்துக்கொள்ளலாம் என்றார் காப்பகத்தை நடத்தும் மேடம். என் கையில் காசில்லை. நீங்கள் துடைப்பத்தோடு அவர் மேஜைக்கே போய்விட்டீர்கள்.

"ராப்பகலா பால் புகட்டுனது இவ. இவகிட்டயே காசு கேக்கறீங்களே மேடம்?"

"எல்லாருக்கும் சும்மா குடுத்தா அடுத்த குட்டிக்கு ஊசி எப்படிம்மா போடறது?" என்றார் அவர். அதிலும் தப்பில்லை. பிறகு என் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் கேட்டார்: "நீனு ஹேளு. பேக்கா, பேடவா?" நீ சொல்லு, வேணுமா, வேண்டாமா.

"பேக்குன்னு சொல்லுடி. சொல்லலன்னா நீதான் பேக்கு" என்றீர்கள். அவர்களுக்கு அது 'வேண்டும்', நமக்கு 'மக்கு'. தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரஸ்க் காரில் போயிற்று.

பஸ் ஸ்டாப்பில், "அந்தக் குட்டி குரைச்சாவது கேட்டுச்சு. நீ அதுகூட செய்யல" என்றீர்கள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குள் உங்களுக்கு மஞ்சள் காமாலை. கோலார் ரயிலில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை; சாவுச் செய்திதான் வந்தது.

அன்று மேடம் கேட்டபோது உங்கள் கை ஜாக்கெட்டுக்குள் இருந்த பர்ஸைத் தேடியதை நான் பார்த்தேன். அது உங்கள் மகளின் பரீட்சைக்குக் கட்ட வேண்டிய பணம். காலையில்தான் என்னிடம் காட்டியிருந்தீர்கள். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

இப்போது அதுவும் நிஜம்தானா என்று தெரியவில்லை. உங்கள் கையைப் பார்ப்பதற்கு முன்பே நான் ஓரடி பின்வாங்கியிருந்தது போலவும் ஞாபகம். பயத்துக்கு ஒரு நல்ல பேரைப் பிறகு தேடிக்கொண்டேனோ என்னவோ. கூண்டு கழுவும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது. பாதியில் தண்ணீரை நிறுத்திவிட்டு நிற்கிறேன்.

உங்களிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பீர்கள். அது திட்டாகவே இருக்கட்டும். அதைக் கேட்கத்தான் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.